மூன்றாவது பிடி

லுஹர் தொழப் போகுமுன்புதான் மசூர் மேசையை ஈரத்துணியால் துடைத்திருந்தான். தொழுதுவிட்டு வந்து பார்த்தால், அதன்மேல் அவன் செய்துவைத்திருந்த தகர டாங்கியைச் சுற்றி மறுபடியும் மணல். காற்று கொண்டுவந்திருக்கும் என்று சொல்லவும் வழியில்லை. சாய்ந்தமருது முழுக்க மழையில் ஊறிக் கிடக்கையில், காய்ந்த மணலுக்கு ஊரில் எங்கே போவது? இந்த மணலோ காய்ந்திருந்தது. தொட்டால் வெயிலில் கிடந்ததுபோல் சுட்டது.

மசூர் பயந்தாங்கொள்ளி இல்லை. தகரத்தில் விளக்கும் புனலும் செய்து விற்பவன். கட்டைவிரலில் ஈயம் சுட்ட தழும்பு வெள்ளையாய் நீண்டு கிடக்கும். உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு லிபியாவுக்குப் போய், எரிந்துபோன டாங்கிகளை இழுத்துச் சேர்க்கும் வேலை பார்த்தவன். ஜின் கதை சொல்லுகிறவர்களைக் கேலி செய்தே ஊரில் பெயர் வாங்கியவன். ஆனாலும் அந்த டாங்கிகளில் ஒன்று இத்தனை வருஷமாகியும் அவன் மண்டையை விட்டு இறங்கவில்லை. அதைத்தான் முழ நீளத்தில் செய்துகொண்டிருந்தான். மண்ணெண்ணெய்த் தகரத்தில் உடல், சைக்கிள் செயினில் சக்கரப் பட்டை, பித்தளைக் குழாயில் பீரங்கி. செய்து முடிப்பது பெரிய காரியமில்லை, புதுசைப் பழசாக்குவதில்தான் அவனுக்குப் பித்து. உப்புத் தண்ணீரும் தேசிக்காயின் புளிச்சாறும் தடவித் துருவேற்றினான். புகைக்குழாயில் விளக்குக் கரி அப்பினான். விளிம்புகளில் பென்சில் கரியைத் தேய்த்து, தேய்ந்த இரும்பின் மினுக்கத்தைக் கொண்டுவந்தான். பாலைவனத்து மண்ணின் நிறம் மட்டும் கைக்கு அகப்படவில்லை. கடற்கரை மணல் வெளிறியிருந்தது, வயல் மண் கறுத்திருந்தது.

கடைசியில் அது பளீலைப் புதைத்த கபுறடியில் கிடைத்தது.

பளீல் அவனோடு பட்டாளத்துக்குப் போன கூட்டாளி. எரிந்த டாங்கி ஒன்றுக்குள் இறங்கியபோது மேல் மூடி விழுந்து இறுகிக்கொண்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு என்று உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருந்தான். பொழுது சாயும் நேரத்தில்தான் மசூரால் அவனை வெளியே எடுக்க முடிந்தது. அதற்குப் பிறகு பளீல் வீட்டுக்குள் படுத்ததே இல்லை. மழையென்றாலும் முற்றத்துப் பந்தல்தான். மசூர் செய்யும் டாங்கியைப் பார்த்தபோது ஒன்றே ஒன்று கேட்டான்.

“செய்யிறதெண்டாச் செய் மச்சான். மூடிய மட்டும் திறந்து வை.”

ஓம் என்றான் மசூர்.

போன வாரம் காய்ச்சலில் பளீல் மவுத்தானான். கபுறில் மூன்று பிடி மண் போடுவது முறை. மண்ணிலிருந்து படைக்கப்பட்டதற்கு ஒன்று, மண்ணுக்கே திரும்புவதற்கு ஒன்று, அதிலிருந்து மீண்டும் எழுப்பப்படுவதற்கு ஒன்று. மசூர் இரண்டைப் போட்டுவிட்டு மூன்றாவதை அள்ளியபோது கை நின்றது. ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த மண். அதே பழுப்பு, அதே பொடி, லிபியாவேதான். எல்லோரும் துஆவுக்குக் கையேந்திய நேரம் பார்த்து அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். ஊரே மண் போடுகிறது, என் ஒரு பிடியில் என்ன குறைந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னான். வீட்டுக்கு வந்து அதை விளாம்பிசினில் குழைத்துப் பூசினான். அசல் டாங்கியே வந்து நின்றது. திறந்திருந்த மூடி மட்டும் கண்ணை உறுத்தியது. அதையும் சாத்தி, சுற்றிவர ஈயம் வைத்து அடைத்துவிட்டான்.

மனைவி றம்லா தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குச் சம்மாந்துறைக்குப் புறப்பட்டபோது, அறை வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

“இதுக்குள்ள கற்பூரம் மணக்குது. மையத்துக் குளிப்பாட்டின வீடு மாதிரி.”

அவளையும் கேலி செய்து அனுப்பிவைத்தான். அன்றே வெள்ளம் ஏறிப் பாதையை மூடிவிட்டது. வீட்டில் அவனும் மழையும் மட்டுமே மிச்சம்.

இப்போது கற்பூரம் அவனுக்கும் மணத்தது. அதற்கடியில் வேறொரு வாசம், எரிந்த எண்ணெயும் வெந்த இரும்பும் கலந்து, மூக்கு மறக்காத வாசம். ஓட்டில் மழை ஓயாமல் கொட்டியது. அந்த இரைச்சலுக்குள் மெல்லியதாக, தகரத்தில் நகத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம். இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு.

மேசை மேலிருந்துதான் வந்தது.

எடுத்த மண்ணைக் கொண்டுபோய்க் கபுறில் போட்டுவிட வேண்டும், இப்பவே, இந்த மழையிலேயே என்று முடிவெடுத்தான். முதலில் மூடியைத் திறந்துவிடலாம் என்று கத்தி முனையால் நெம்பினான். முனை ஒடிந்தது. பிசின் கல்லாக இறுகியிருந்தது. சுரண்டினால் நகம்தான் பெயர்ந்தது. டாங்கியோடு கொண்டுபோவோம் என்று தூக்கினான். அசையவில்லை. வெறும் தகரம், ஒரு கையால் தூக்கிவைத்த சாமான். உள்ளே விளிம்பு வரை மண் நிறைந்ததுபோல் கனத்தது.

உதவிக்கு ஆள் கூப்பிடக் கதவுக்கு ஓடினான். கதவு மழையில் ஊதி இறுகியிருந்தது. தோளால் இடித்தான். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பக்கத்து வீட்டு ஸைனுலாப்தீனைக் கூப்பிட்டுக் கத்தினான். மழை அவன் குரலைத் தின்றுவிட்டது. திரும்பியபோது கணுக்கால் வரை மணல். சுடுமணல்.

ஜன்னல் இருண்டது. மழைச் சத்தம் தூரப் போனது, கனத்த ஒன்றுக்கு அந்தப் பக்கம் பெய்வதுபோல. சுவரைத் தடவினான். சுண்ணாம்பு இல்லை. இரும்பு. துரு கையோடு உதிர்ந்தது. உப்பும் தேசிக்காயும் மணத்தன.

தலையில் ஏதோ விழுந்தது.

மண். ஒரு பிடி.

மேலே யாரோ தாழ்ந்த குரலில் ஓதினார்கள். இன்னொரு பிடி. கண்ணில். வாயில்.

அண்ணாந்தான். ஓடு இல்லை, வளைமரம் இல்லை. வட்டமாக ஒரு வெளிச்சம் மட்டும். அதன் விளிம்பில் மூடிய கை ஒன்று, மூன்றாவது பிடியோடு.

“போடு,” என்றான் மசூர். “போடு மச்சான்.”

கை தயங்கியது. கட்டைவிரலில் வெள்ளையாய் நீண்ட தழும்பு. பிறகு அது பிடியை விடாமல் மெல்லப் பின்வாங்கி, சட்டைப் பைக்குள் போனது.

வெளிச்சம் பிறையாகத் தேய்ந்தது. மூடி உட்கார்ந்தது. விளிம்பைச் சுற்றி, அவசரமில்லாமல், தொழில் தெரிந்த கை ஒன்று ஈயத்தை உருக்கி வைத்துக்கொண்டே வந்தது.

மசூர் தட்டத் தொடங்கினான். இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு.