ம.செ.க. முப்பத்தொன்பது ரூபாய்

ஆழ்குடியில் மாதத்தின் முதல் தேதி காலையில் எல்லோரும் பல்லைக் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பார்கள். கடைவாய்ப் பல்லில் பொருத்தியிருக்கும் செவிமணி அன்றைக்குத்தான் வங்கிக் கணக்கை வாசிக்கும். ஒலி தாடையெலும்பு வழியாக நேரே மண்டைக்குள் போவதால் காதைப் பொத்திப் பயனில்லை. பிரஷ்ஷை வேகமாக ஓட்டினால் பாதி விழாது. வாய் கொப்புளித்து நிமிர்வதற்குள் வாசிப்பும் முடிந்துவிடும்.

தூத்துக்குடிக் கரையிலிருந்து இருபது மைல் தள்ளிக் கடலின் அடித்தரையில் ஐந்து கண்ணாடிக் குவிமாடங்கள். அவற்றுக்குள் இரண்டாயிரத்து நானூறு பேர். அதுதான் ஆழ்குடி. சலேத்துக்கு அந்தக் குவிமாடங்களின் வெளிப்புறத்தில் வேலை. நீருடை மாட்டிக்கொண்டு போய், கண்ணாடியில் ஒட்டும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவாள். ஐம்பத்திரண்டு வயதில் பதினெட்டு வருடம் அதில் போயிருந்தது.

போன மாதக் கடைசியில் கையுறையின் மணிக்கட்டு வாஷர் கிழிந்துவிட்டது. புதிதாக வாங்கப் போனாள். ஆழ்குடியில் பணம் கொடுப்பதற்குக் கை வேண்டாம். கண்ணில் போட்டிருக்கும் விழியாடி வழியாகப் பொருளைப் பார்த்து இருமுறை இமைத்தால் கணக்கிலிருந்து பணம் போய்விடும். இமைச்சம்மதம் என்று அதற்குப் பெயர். சலேத் இமைத்தாள். கணக்கில் இருபத்திரண்டு ரூபாய் குறைகிறது என்று கடைக்காரன் சொன்னான். சம்பளம் வரும்வரை இரண்டு நாள் வாஷர் இல்லை. வாஷர் இல்லாமல் கடலுக்குள் விடமாட்டார்கள். இரண்டு நாள் கூலி போனது.

அதனால்தான் இந்த முதல் தேதியில் அவள் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, குழாயையும் மூடிவிட்டு, நின்று கேட்டாள். காற்று வரி. தண்ணீர். வாடகை. பிறகு செவிமணி சொன்னது: "ம.செ.க., முப்பத்தொன்பது ரூபாய்."

"அது என்னது?" என்றாள் சலேத்.

"ம.செ.க. என்பது தாங்கள் ஒப்புக்கொண்ட கட்டணம்" என்றது பல்லுக்குள் இருந்த குரல்.

"என்ன கட்டணம்னு கேட்டேன்."

"தாங்கள் ஒப்புக்கொண்ட கட்டணம்."

குரல் அதற்கு ஆதாரமும் வைத்திருந்தது. விழியாடியில் பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு காட்சி ஓடியது. சலேத் நீருடையைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறாள். எதிர்ச்சுவரில் பொடியெழுத்தில் ஓர் அறிவிப்பு. அவள் அதன் பக்கம் திரும்பி இருமுறை இமைக்கிறாள்.

"கண்ணுல உப்புத்தண்ணி பட்டா இமைக்காம வேற என்ன செய்வாவ?" என்றாள்.

"தங்கள் கருத்துக்கு நன்றி" என்றது குரல்.

அன்றைக்கு மட்டும் பதினான்கு முறை கேட்டாள். பதினான்கு முறையும் அதே பதில், அதே நன்றி. மதியம் நீருடை அறையில் உடன் வேலைபார்க்கும் சுயம்புக்கனியிடம் சொன்னாள்.

"எக்கா, எனக்கும் அது வருது" என்றாள் சுயம்புக்கனி. "எல்லாருக்கும் வருது. முப்பத்தொன்பது ரூபாய்க்கு மண்டையப் போட்டு உடைக்கிய. விடுங்க."

"எதுக்குன்னு தெரிஞ்சா விட்டுருவேன்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறிய? கேக்குறதுக்கு மனுசன் ஒருத்தன் இருக்கானா அங்க? எல்லாம் குரலுதான்."

ஊரில் எல்லோரும் சொல்வதுதான் அது. சலேத்துக்கு அந்தச் சொல்லே வழி காட்டியது. மறுநாள் பல்லிடம், "எனக்கு ஒரு மனுசனப் பாக்கணும்" என்றாள். குரல் முதல் முறையாக நான்கு விநாடி தயங்கியது. பிறகு, "இரண்டாம் குவிமாடம், மூன்றாம் தளம், ஒன்பதாம் அறை" என்றது.

ஒன்பதாம் அறைக் கதவை அவள் திறந்ததும் உள்ளே இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். பெயர் ஆறுமுகநயினார். வழுக்கையை மறைக்காத, சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்ட மனிதர். முந்நீர் மக்கள் வங்கியின் ஆழ்குடிக் கிளையில் இரத்தமும் சதையுமாக இருந்த ஒரே ஊழியர்.

"உக்காருங்கம்மா. ஆள் வந்து ஏழு மாசமாச்சு" என்றார்.

சலேத் முழுவதையும் சொன்னாள். வாஷரில் தொடங்கி, உப்புத்தண்ணீரில் முடித்தாள். அவர் நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. அவள் சொல்லி முடித்தபோது, இத்தனை நேரம் தன் பேச்சை ஒருவர் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று அவளுக்கே ஒரு நினைப்பு ஓடியது.

"என் சம்பளச் சீட்டுலயும் அந்த ம.செ.க. பிடிச்சிருக்கு" என்றார் நயினார். "எனக்கும் என்னன்னு தெரியாது. நானும் கேட்டதில்ல. மூணு நாள் குடுங்க, தேடிப் பாக்கேன்."

மூன்றாம் நாள் அவள் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை. மேசைமேல் கிளை தொடங்கிய காலத்துப் பழைய காகிதக் கட்டு ஒன்று பிரித்துக் கிடந்தது.

"கெடச்சுதா சார்?"

"கெடச்சுது." அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். "மனிதச் செவிக் கட்டணம். வாடிக்கையாளர் குறையைக் கேக்க ஒரு மனுசன வச்சிருக்கணும்னு அந்தக் காலத்துச் சட்டம். அந்த மனுசனுக்குச் சம்பளம், அறைக்கு வாடகை, எல்லாம் அதுலருந்து. ஆளுக்கு முப்பத்தொன்பது ரூபாய்." கொஞ்சம் நிறுத்தினார். "அது நான்தாம்மா."

தெரியவில்லை என்று சொல்லி அவர் சலேத்தை அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"உங்களுக்கு மட்டும் திருப்பிக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு" என்றார். "பதினோரு வருசத்துக்கு ஐயாயிரத்து நூத்தி நாப்பத்தெட்டு. இப்பமே போட்டுருதேன்."

அவளுடைய இரண்டு நாள் கூலியைப்போலப் பல மடங்கு. சலேத் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"உங்க சம்பளத்த நான் புடுங்க வரல அண்ணாச்சி. ஒரு மனுசன் வேணும், முப்பத்தொன்பது ரூபா குடுங்கன்னு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். பேரச் சொல்லாம எடுத்தா அதுக்கு வேற பேரு. எல்லாக் கட்டணத்துக்கும் முழுப்பேரச் சொல்லி, வேணுமா வேண்டாமான்னு கேக்கணும். அப்படி மனு எழுதுங்க."

"எழுதுனா என் வேல போயிரும்."

"ஏன் போகுது? கேக்க ஒரு மனுசன் இல்லன்னுதான் ஊரே பொலம்புது."

நயினாருக்கு ஐம்பத்தெட்டு வயது, கரையில் படிக்கும் இரண்டு மகள்கள். ஆனாலும் பேனாவைத் திறந்தார். மனு மூன்று பக்கம் வந்தது. அவர் எழுதிய ஒரு 'தயவுகூர்ந்து' சலேத்துக்குப் பிடிக்கவில்லை. அடிக்கச் சொன்னாள். அடித்தார். அடுத்த பக்கத்தில் இருந்த இன்னொன்றை அவராகவே அடித்தார்.

வங்கி சும்மா இருக்கவில்லை. மனுவை விலக்கிக்கொண்டால் அவள் கணக்குக்குப் பத்தாயிரம் ரூபாய் 'நல்லெண்ணத் தொகை' என்று பல் ஒருநாள் சொன்னது. "அதுக்கு முழுப்பேரு என்ன?" என்று கேட்டாள். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்றது குரல். கண்ணாடி சுரண்டும் ஒப்பந்தக்காரர் கூப்பிட்டு, எதற்கு வம்பு என்றார். வம்புக்குத்தான் என்றாள். இரண்டு மாதம் கழித்துக் கடலடி நிதி ஆணையம் தீர்ப்புச் சொன்னது. இனி எந்தக் கட்டணமும் சுருக்கெழுத்தில் வரக்கூடாது. முழுப்பெயர் சொல்லி, வேண்டாமென்றால் இமைத்து நீக்க வழி தரவேண்டும்.

அடுத்த முதல் தேதி காலை ஆறு மணிக்கு, இரண்டாயிரத்து நானூறு பற்களும் நிறுத்தி நிதானமாகப் பேசின. "தங்கள் குறையை ஒரு மனிதர் நேரில் கேட்பதற்கு, முப்பத்தொன்பது ரூபாய். வேண்டாமெனில் இருமுறை இமைக்கவும்."

சலேத் இமைக்காமல் நின்றாள். நீர் முட்டியது. குரல் அடுத்த வரிக்குப் போகும்வரை கண்ணை அகல விரித்தபடியே நின்றாள்.

வேலைக்குப் போகும் வழியில் நயினாரின் குரல் பல்லில் வந்தது. "எல்லாரும் இமைச்சுட்டாவம்மா. இரண்டாயிரத்து முன்னூத்தித் தொண்ணூத்தெட்டு பேரு. என் சம்பளத்துல பிடிக்கிறத நானே நீக்கிக்கிட முடியாது, வங்கியே நீக்கிருச்சு."

"அப்ப உங்க வேல?"

"அதான் வேடிக்க. ஒரே ஒருத்தர் கட்டுனாலும் இருக்கை காலியாகக் கூடாதுன்னு சட்டம். நீங்க கட்டுதிய. என் சம்பளத்த இனிம வங்கி தன் கையிலருந்துதான் போடணும்." அவர் சிரிப்பதை அவள் அன்றுதான் கேட்டாள். "ஆனா கட்டுனவியளோட குறையத்தான் நான் கேக்கலாம். மதியம் ஒரு எட்டு வாங்க. வாசல்ல பெருங்கூட்டம்."

போனாள். ஒன்பதாம் அறைமுன் தாழ்வாரம் முழுக்க ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் சுயம்புக்கனியும் நின்றாள். மனிதச் செவியை இமைத்து நீக்கிய கையோடு, இதுவரை சுருக்கெழுத்தில் ஒளிந்திருந்த மற்றக் கட்டணங்களையும் எல்லோரும் முழுப்பெயரில் கேட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே மீன் தெரிவதற்கான காட்சிக் கட்டணம். கணக்கில் பணம் குறைவதை அறிவிக்காமல் மன அமைதி காத்ததற்கான கட்டணம். இமைக்காமல் இருந்த நேரத்துக்கான காத்திருப்புக் கட்டணம். அவற்றை நீக்க இமைத்தால், நீக்குவதற்கு ஒரு கட்டணம். பல்லிடம் கேட்டுக் கேட்டு அலுத்து, ஒரு மனிதரைத் தேடி வந்திருந்தார்கள்.

"முப்பத்தொன்பது ரூபா கட்டித் திரும்பச் சேரலாம்" என்று கதவருகே நின்ற நயினார் சொன்னார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மாசாமாசமா?" என்றது வரிசையில் ஒரு குரல்.

"எக்கா, ஒங்க பேர்ல கேட்டுருங்களேன்" என்றாள் சுயம்புக்கனி. "ஒங்களுக்குன்னா அவிய கேட்டுத்தான ஆகணும்."

ஐந்தாம் குவிமாடத்தில் கேண்டீன் வைத்திருக்கும் கஸ்பார் முன்னால் வந்து தலைகளை எண்ணினான். அவனுக்கு எதிலும் ஒரு வழி தோன்றும். "நாப்பது பேரு இருக்கோம். எதுக்கு ஆளாளுக்குக் கட்டணும்? தலைக்கு ஒரு ரூபா போட்டு சலேத்தக்கா கட்டணத்த நாமளே கட்டிருவோம். எல்லாரு கேள்வியையும் அக்கா பேர்ல கேட்டுக்கிடலாம். அக்காவுக்கும் செலவில்ல. எங்கிட்ட குடுங்க, நான் கட்டிருதேன்."

தாழ்வாரம் முழுக்க நிம்மதி பரவியது. நாற்பது பேரும் கஸ்பாரைப் பார்த்து இரண்டு முறை இமைத்தார்கள். அவன் விழியாடியில் பச்சை ஒளி நாற்பது தடவை மினுங்கி அடங்கியது.

சலேத் நகரவில்லை. "கஸ்பாரு, நாப்பது ரூபா வந்துட்டு. கட்டணம் முப்பத்தொன்பது. மிச்ச ஒரு ரூபா?"

"அது சும்மா க்கா. ஏ.செ. மாதிரி."

"ஏ.செ.ன்னா?"

கஸ்பார் வரிசையைப் பார்த்தான். வரிசை தரையைப் பார்த்தது. "ஒரு ரூபா தான எக்கா, விடுங்க" என்றாள் சுயம்புக்கனி.

சலேத் அவர்களைத் தாண்டி ஒன்பதாம் அறைக்குள் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேனாவத் திறங்க அண்ணாச்சி" என்றாள். "ஒரு புகார் எழுதணும்."