ஆஸ்திரேலியாவில் குவிந்த திருகாணிகள்

சூலைத் திங்கள் பதினான்காம் நாள், சனிக்கிழமை. விடிந்தது முதல் மெல்லிய தூறல் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. காற்று சிறிதும் இல்லை.

அந்த வீட்டின் கூடத்தில் ஒரு கறுப்புப் போர்வை விரிக்கப்பட்டிருந்தது. அதன்மீது சுண்ணக்கட்டியால் உலகப் படம் வரையப்பட்டிருந்தது. படத்தின் நடுவே, ஐந்தாம் வகுப்பில் பயிலும் ஒரு சிறுமி முழங்காலிட்டு அமர்ந்திருந்தாள். கண்ணில் படுவதையெல்லாம் இழுத்து வந்து சேர்த்து வைக்கும் பழக்கம் உடையவள் ஆதலால், வீட்டில் அவளை 'எறும்பு' என்றே அழைத்தனர்.

'நம் வீட்டுப் பொருள் எங்கிருந்து வந்தது?' என்பது பள்ளியில் அளிக்கப்பட்ட பணி. மற்ற மாணவர்கள் நாற்காலியையும் சட்டையையும் எடுத்துக்கொண்டனர். எறும்போ மடிக்கணினியை எடுத்துக்கொண்டாள். அம்மாவின் மடிக்கணினி தேநீரில் குளித்துச் செயலிழந்து கிடந்தது. "அதை வேணும்னா பிரிச்சுக்கோ" என்று அம்மா அனுமதி அளித்திருந்தார்.

பல நாட்கள் நூலகத்தில் படித்தறிந்தவற்றைக் கொண்டு, எறும்பு ஒவ்வோர் உறுப்பையும் அதன் மூலப்பொருள் தோண்டியெடுக்கப்படும் நாட்டில் வைத்தாள். காத்தாடிக்குள் செம்பு இருந்ததால் அது சிலிக்குச் சென்றது. மின்சுற்றுப் பலகையில் வெள்ளீயம் பற்றவைக்கப்பட்டிருந்ததால் அது இந்தோனேசியாவுக்குச் சென்றது. மின்கலம் காங்கோவில் அமர்ந்தது. திருகாணிகள் இரும்பால் ஆனவை. ஆகவே அவை அனைத்தும் ஆஸ்திரேலியாவில் ஒரே குவியலாகக் குவிந்தன.

அவ்வேளையில் அக்கா, தேய்த்த சட்டையைக் குடையின்கீழ் ஏந்தியபடி வீட்டுக்குள் நுழைந்தாள். கட்டட வரைகலைப் படிப்பில் சேர்வதற்கான நேர்காணல், அன்று மாலை ஐந்து மணிக்குக் கணினி வழியாக நடைபெற இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அவள் வரைந்த படங்கள் அனைத்தும் அவளுடைய மடிக்கணினியில்தான் இருந்தன. அவற்றைத் திரையில் காட்டினால்தான் இடம் கிடைக்கும்.

அலமாரியைத் திறந்த அக்கா, வெளிறிய முகத்துடன் கூடத்துக்கு வந்தாள்.

"எறும்பு, இது யாரோட லேப்டாப்?"

"அம்மாவோடது. செத்துப்போனது."

"செத்துப்போனது அலமாரியில இருக்குடி!"

இரண்டு மடிக்கணினிகளும் ஒரே நாளில் வாங்கப்பட்டவை; பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். சமையலறையிலிருந்து ஓடி வந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, தப்பு என்னோடதுதான், பெரியவளே! காலையில உன் மேசை மேல ஒழுகுச்சு. நனைஞ்சிடுமேன்னு உன்னோடதை எடுத்து அலமாரியில, அந்தச் செத்துப்போனது மேல வச்சேன்."

"ஏண்டி, ஆன் பண்ணியாவது பார்த்திருக்கலாமே!" என்றாள் அக்கா எறும்பிடம்.

"செத்துப்போச்சுன்னு சொன்னீங்கல்ல?" என்றாள் எறும்பு மிகச் சிறிய குரலில். "செத்தவங்களை யாராவது எழுப்பிப் பார்ப்பாங்களா?"

அக்கா பழுதுபார்க்கும் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "திங்கட்கிழமை வாங்கம்மா" என்று கடைக்காரர் கூறினார். நேர்காணலுக்கு இரண்டு மணி நேரமே எஞ்சியிருந்தது.

"சரி, நாமே மாட்டலாம். ஒவ்வொரு திருகாணியும் எங்கே இருந்துச்சு, சொல்லு."

"ஆஸ்திரேலியாவுல."

"அது இல்லடி! லேப்டாப்புல எங்கே இருந்துச்சு?"

எறும்பு திருகாணிக் குவியலைக் கையால் கிளறினாள். கடைக்காரர்கள் திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைப்பார்கள். எறும்போ நாட்டு வரிசையில் அடுக்கியிருந்தாள். அவற்றுள் நெட்டையும் உண்டு, குட்டையும் உண்டு. குட்டை இருந்த துளையில் நெட்டையைப் போட்டால், அது பலகையைக் குத்திக் கெடுத்துவிடும்.

அக்கா போர்வையின் ஓரத்தில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் கண் காங்கோவில் நிலைத்தது. மின்கலத்தின் அருகே ஒரு பிஸ்கட் வைக்கப்பட்டிருந்தது.

"இது எதுக்கு? பேட்டரிக்குப் பசிக்குமா?"

"பேட்டரிக்கு இல்ல. கோபால்ட்னு ஒண்ணு இருக்குக்கா, பேட்டரிக்குள்ள. கையால தோண்டுற சில சுரங்கங்கள்ல சின்னப் பிள்ளைங்க கூட அந்தக் கல்லைப் பொறுக்குறாங்களாம். என் வயசுப் பிள்ளைங்க." எறும்பு தலையைக் குனிந்துகொண்டாள். "பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டாங்களாம். அதைப் படிச்சதும் எனக்குச் சாப்பிடப் பிடிக்கலை. அதான் வச்சேன்."

அக்காவின் கோபம் எங்கு போயிற்றென்று தெரியவில்லை. அவள் மின்கலத்தை இரு கைகளாலும் மெல்ல எடுத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இதை எத்தனை தடவை படுக்கை மேல தூக்கிப் போட்டிருக்கேன்!" என்றாள்.

எறும்பு திடீரென்று எழுந்து அலமாரியை நோக்கி ஓடினாள். செயலிழந்த மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பி வந்தாள்.

"அக்கா, இதையும் பிரிக்கலாமா?"

"இன்னும் ஒண்ணா? ஒண்ணைப் பிரிச்சதே போதாதாடி உனக்கு!" என்றார் அம்மா.

"இரட்டைப் பிள்ளைதானேம்மா? இதுல எந்தத் துளையில நெட்டை இருக்கோ, அதுலயும் அங்கேதானே நெட்டை இருக்கும்?"

அக்கா நிமிர்ந்தாள். தங்கையை உற்று நோக்கினாள். "திருப்புளியை எடு" என்றாள்.

எறும்பு தரையில் மடிக்கணினியின் உருவத்தைப் பெரிதாக வரைந்தாள். அக்கா கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதற்குரிய இடத்திலேயே வைத்தாள். அதன் பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து அதே அளவுள்ள திருகாணியைத் தேடி எடுத்து அருகில் வைத்தாள். அம்மா கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, வெளிச்சத்தை என் மூக்குல அடிக்காதீங்க."

"உன் மூக்குதான்டி எல்லா இடத்துலயும் நுழையுது!"

பாதி வேலை முடிந்தபோது அக்காவின் கை நின்றது. காத்தாடியின் மெல்லிய கம்பி அறுந்திருந்தது. பிரிக்கும்போது எறும்பு அதை வலுவாக இழுத்திருந்தாள். காத்தாடி சுழலாவிட்டால் கணினி சூடேறிப் பாதியில் நின்றுவிடும்.

"புதுசு வாங்கணும்னாலும் இந்த நேரத்துல எங்கே போவேன்?" என்றாள் அக்கா.

"புதுசு எதுக்குக்கா? அம்மாவோடதுல இருக்குற காத்தாடி மேல தேநீர் படலையே. சிலியில யாரும் நமக்காக மறுபடி தோண்ட வேண்டாம்."

காத்தாடி மாற்றப்பட்டது. மின்கலம் பொருத்தப்பட்டது. அடிமூடியின் கடைசித் திருகாணி முறுக்கப்பட்டபோது, ஐந்து மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன. அக்கா பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. அம்மா மூச்சை அடக்கிக்கொண்டார். எறும்பு கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

காத்தாடி மெதுவாக முனகியது. திரை ஒளிர்ந்தது.

"ஓடு, சட்டையை மாத்து!" என்று அம்மா அக்காவைத் தள்ளிவிட்டார்.

அறைக் கதவு சாத்தப்பட்டது. வெளியே எறும்பும் அம்மாவும் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றனர். கன்னத்தில் என்ன வெள்ளைக் கோடு என்று கணினியிலிருந்து ஒரு பெண்குரல் வினவியது; அது சுண்ணக்கட்டியின் தடம். நடந்தது முழுவதையும் அக்கா ஒளிக்காமல் எடுத்துரைத்தாள். உள்ளே பலர் சிரித்தனர். பிறகு சிரிப்பு அடங்கியது. வரைபடங்களைப் பற்றிய கேள்விகள் நீண்டன. எறும்பு கதவைவிட்டு நகரவே இல்லை.

கதவு திறந்தது.

"இடம் கிடைச்சிருச்சும்மா! இப்பவே சொல்லிட்டாங்க!"

அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டார். அந்நேரம் எறும்பு வாய்விட்டு ஓவென்று அழத் தொடங்கினாள்.

"கிடைச்சதுக்கு ஏண்டி அழுற?" என்றாள் அக்கா.

"கிடைக்கலைன்னா அழுறதுக்குன்னு சாயங்காலத்துலேர்ந்து சேர்த்து வச்சிருந்தேன்க்கா. இப்ப எங்கே கொண்டுபோய் வைக்கிறது?"

அக்கா சிரித்துக்கொண்டே தரையில் அமர்ந்து, எறும்பை மடியில் இழுத்து வைத்து, தேய்த்த சட்டையின் கையாலேயே அவள் கண்களைத் துடைத்துவிட்டாள். அழுகை முழுவதும் தீர்ந்தபோது மணி மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.