நாலு துளை உருண்டை

பழவேற்காட்டுக் குப்பத்தில் அந்த வீட்டுக்கு ஒரே வாசல், ஏரியைப் பார்த்தது. கருவாட்டு வாடை அந்த வழியாகத்தான் உள்ளே வரும். இன்று ஹேமாவதியின் முதுகுப் பக்கத்துச் சுவரிலிருந்தும் வந்தது. தூக்கம் கெட்ட தலைக்கு எந்த வாடை எங்கிருந்து வந்தால் என்ன? அவள் திரும்பக்கூட இல்லை.

மூன்று நாளாக மடிக்கணினியே கதி. புதிதாக வரப்போகும் லேசர் அணுக்கரு இணைவு ஆய்வுக்கூடத்துக்கு மிளகளவு எரிபொருள் உருண்டை ஒன்றை அவள் வடிவமைக்கிறாள். சுற்றிலுமிருந்து ஒரே நொடியில், ஒரே அளவில் அழுத்தினால்தான் அது நடுவில் பற்றிக்கொள்ளும். முழு உருண்டையையும் கணக்கிடப் பத்து நாள் பிடிக்கும். கெடுவோ இன்று மாலை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நாலில் ஒரு பங்கை மட்டும் கணக்கிட்டு, மற்ற மூன்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் அதிலிருந்தே பிரதியெடுத்துவிட்டாள். எரிபொருள் ஏற்றும் துளை அந்தப் பங்கில் இருந்தது. ஒரே துளை இருக்கவேண்டிய உருண்டை திரையில் நாலு துளையோடு சுற்றியது.

மேலதிகாரி விஜயராகவன் போனில் கேட்டார். "முழுசாப் போட்டுட்டீங்களாம்மா?"

"போட்டுட்டேன் சார்." சொல்லும்போதே நாக்கு கூசியது.

மனசென்னவோ ஏரியில்தான் கிடந்தது. விடியலில் படகேறிய புருஷன் லோகேஷ், பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. முகத்துவாரத்தில் காற்று மாறிவிட்டதாம். ஐந்தாவது முறை அழைத்தபோது எடுத்தான்.

"இன்னாய்யா நீ, உசுரு போய் உசுரு வருது எனக்கு!"

"கரைக்கு வந்துட்டேன் ஹேமா. தோ, வூட்டாண்ட வந்துனுகீறேன்."

அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டாள். அழுகையே வந்துவிட்டது. மணலில் செருப்பு சரக் சரக்கென்று நெருங்கியது. வாசல் பக்கம். பின்பக்கமும். இடப்பக்கம், வலப்பக்கமும்.

கண்ணைத் திறந்தாள்.

நாலு சுவரிலும் வாசல்.

ஐயோ.

நாலிலும் லோகேஷ். சொட்டச் சொட்ட ஈர லுங்கி. வலது புருவத்துத் தழும்பு இரண்டு பேருக்கு வலதில். இரண்டு பேருக்கு இடதில்.

"ஹேமா."

நாலு வாய். ஒரே குரல்.

இதில் தாலி கட்டினவன் யார்? யாரிடம் ஓடுவது?

நாலு பேரும் அவளை அணைக்கக் கை நீட்டியபடி, ஒரே நொடியில் ஓரடி எடுத்து வைத்தார்கள். அவர்களோடு நாலு சுவரும் ஓரடி உள்ளே வந்தன.