கடல்தான் நனையும்

"இந்தப் பையைக் கடல்ல போட்டா, கடல்தான் நனையும்" என்றார் அம்மா.

அம்மா கடைத்தெரு முனையில் குடை பழுது பார்ப்பவர். அவர் ஊசியை எடுத்தாலே மழை மேகங்கள் பயந்து சந்துவழியாகப் போய்விடும். கிழிந்த குடைகளின் துணியை ஒட்டுப்போட்டு, தையல் ஓட்டைகள் அடைபட மெழுகுவர்த்தியைத் தேய்த்து, ஒரு பழைய குடையின் வளைந்த பிடியையும் பொருத்தி அந்தப் பள்ளிப்பையைத் தைத்திருந்தார்.

மகள் சுண்டு நம்பவில்லை. "பைக்கு மூக்கு வேற வச்சிருக்கியேம்மா" என்று முனகினாள்.

அப்போது பள்ளியில் புதிதாய்ச் சேர்ந்த தோழி வீட்டு வாசலுக்கு வந்தாள். அவளுடைய பைக்குச் சக்கரம் இருந்தது. உருட்டினால் விளக்கு எரிந்தது. சுண்டுவின் வயிற்றில் பற்றிய நெருப்பில் ஊருக்கே சமைத்திருக்கலாம்.

"யாரு தச்சது இது?" என்று சுண்டுவின் பையைத் தொட்டுக் கேட்டாள் தோழி.

"யாரோ ஒரு குடைக்காரம்மா."

இரண்டடி தள்ளி, கதவுக்குப் பின்னால் அம்மாவின் ஊசி நின்றது. பிறகு அவர் தலை நிமிராமல் தைத்தார்.

அன்று முழுக்க அந்த வார்த்தை சுண்டுவை விடாமல் முள்ளாய்க் குத்தியது. மதியச் சோற்றை அப்படியே மூடி வைத்தாள். யாரோவாம், யாரோ!

பள்ளி விட்டதும் வானம் குடம் குடமாய்க் கவிழ்ந்தது. சக்கரப்பை தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. கண்காட்சிக்காக வாரம் முழுக்க வரைந்த ஓவியம் அதற்குள் இருந்தது. தோழி அழுதேவிட்டாள்.

சுண்டு அந்த ஓவியத்தைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்து, வாயை மடித்துப் பொத்தானைப் போட்டாள். வாய்க்கால் பாலத்தில் கால் வழுக்கியது. பை தண்ணீரில் விழுந்து, தவளைகள் விலகி வழிவிட, கப்பல்போல் மிதந்து போனது. கடைசியில் அதன் மூக்கு கரைக்கம்பியில் மாட்டிக்கொண்டது.

திறந்து பார்த்தார்கள். ஓவியத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"எனக்கும் இப்படி ஒண்ணு வேணும். அந்தக் குடைக்காரம்மா எங்க இருப்பாங்க?"

சுண்டுவின் காது இரண்டும் சுட்டன. தோழியைத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இவங்கதான். எங்கம்மா. காலையில சொல்ல வெக்கப்பட்டேன். இப்போ அதைவிட வெக்கமா இருக்கு."

அம்மா நிமிர்ந்தார். "யாரோன்னு கேள்விப்பட்டேனே" என்றார். உதட்டோரம் மட்டும் லேசாய்த் துடித்தது.

சுண்டு ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"கடல் இல்லம்மா, வாய்க்கால். ஆனா நீ சொன்ன மாதிரியே, அதுதான் நனைஞ்சுது."