கழற்றி வைத்த வயர்

அன்ரனா வயரைக் கழற்றினால் ரேடியோ ஊமையாகிவிட வேண்டும். லியோனுக்கு இது பத்து வருடப் பாடம். அன்று பின்னேரம் ஐந்தரைக்கு, குருநகர்க் கடலுக்கு மேலே இடி உருளத் தொடங்கியதும், வழக்கம்போல வயரைக் கழற்றி அதன் முனையை வெறும் ஜாம் போத்தலுக்குள் விட்டுவிட்டுத் திரும்பியவன், ரேடியோவில் சிக்னல் காட்டும் முள் மெல்ல எழும்பி, விழுந்து, மறுபடி எழும்புவதைக் கண்டான்.

எறும்பாக இருக்கும் என்று நினைத்தான். இந்த ஊரில் ரேடியோ வைத்திருப்பவன் எல்லாப் பழியையும் எறும்பின் தலையில்தான் போடுவான். தண்ணீர்த் தாங்கிக்கும் தென்னைக்கும் நடுவே செப்புக் கம்பி இழுத்து, வீட்டின் பக்கத்து அறையில், கேட்கவும் பேசவும் இந்த ரேடியோ நிலையத்தை அவன் கட்டிய நாள்தொட்டு எறும்போடும், பல்லியோடும், பித்தளையையே பச்சை பூக்க வைக்கிற உப்புக் காற்றோடும் ஓயாத மல்லுக்கட்டு. ஈரம் பிடிக்காமல் இருக்க, ரேடியோ நிற்கும் அலுமாரிக்குள் இரவும் பகலும் ஒரு குண்டு பல்ப் எரியும். கழற்றிய வயரைக் கண்ணாடிப் போத்தலுக்குள் விடுவதும் அப்படி ஒரு தற்காப்புத்தான். மின்னல் கம்பி வழியே வந்தாலும் கண்ணாடியைத் தாண்டாது, ரேடியோ செற் தப்பிவிடும் என்பார்கள்.

செற் தப்பித்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் அவனுக்கு உடம்பெல்லாம் கூசும்.

முப்பது நாளுக்கு முன்னரும் இதே மாதிரி ஒரு பின்னேரம். கூடப் படித்த றஞ்சித் தன் சின்னப் படகில் தனியாகக் கடலில் நின்றான். படகில் இருந்த பழைய ரேடியோவைத் திருத்திக் கொடுத்ததே லியோன்தான். "நீ கூப்பிடு மச்சான், கரையிலை நான் இருக்கிறன்" என்று வாக்குக் கொடுத்தவனும் அவன்தான். குரல் கேட்டால் கோயிலுக்கு ஓடி மணி அடிப்பிக்க வேண்டும். நாலு படகு உடனே இறங்கும். இடி இடித்தது. றஞ்சித் வெளியே நிற்கிறான் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே லியோன் வயரைக் கழற்றினான். மூன்று மணித்தியாலம் ரேடியோ ஊமையாகக் கிடந்தது. அவன் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தான்.

படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. றஞ்சித்தின் மனைவி மேர்சி ஓடிவந்து கேட்டபோது, "ஒரு சத்தமும் வரேல்லை, தங்கச்சி. நான் கதிரையை விட்டு எழும்பேல்லை" என்றான். ஊரே நம்பியது. விடிய விடியக் காவல் இருந்தவன் என்று மேர்சி வெள்ளிக்கிழமைதோறும் மீன்கறி கொடுத்துவிட்டாள். வெட்கங்கெட்டவன், அதையும் சாப்பிட்டான்.

முள் இன்னும் ஆடியது.

ஸ்பீக்கரில் முதலில் வெறும் இரைச்சல். பிறகு அந்த இரைச்சலுக்கு அடியில், படகின் அடிப்பலகையில் அலை தட்டுகிற சத்தம், ஒரே அளவாக, அவசரமில்லாமல். அறைக்குள் மண்ணெண்ணெயும் அழுகிய பாசியும் கலந்து மணத்தது. லியோன் அறையின் மெயின் சுவிச்சை அணைத்தான். அலுமாரி பல்ப் அணைந்தது. ரேடியோவின் வெளிச்சம் அணைந்தது. அலை மட்டும் நிற்கவில்லை.

"லியோன் அண்ணை, நிக்கிறியளோ?"

வாசலில் மேர்சி. கறுப்புச் சேலை, கையில் குடை. நாளைக்கு றஞ்சித்தின் முப்பத்தோராம் நாள் பூசை.

"பங்குச் சுவாமி உங்களைத்தான் கதைக்கச் சொல்லுறார், அண்ணை. என்ரை அவருக்காக அண்டைக்குக் காவல் இருந்ததைச் சனத்துக்குச் சொல்லட்டாம்."

பீடத்துக்கு முன்னால் நின்று, எல்லாரும் பார்க்க, அந்தப் பொய்யை இன்னொரு தரம் சொல்ல வேண்டும். வாக்குமூலம்போல உண்மையை இப்போதே சொல்லிவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தான். ஆனால், "ஓம், பூசையிலை சொல்லுறன்" என்றான்.

"லியோன்."

மெல்லிய குரல். ஸ்பீக்கரிலிருந்து.

"லியோன், றஞ்சித் கூப்பிடுறன். கேக்குதோ மச்சான்?"

மேர்சியின் குடை நிலத்தில் விழுந்தது. "இது அவரின்ரை குரலெல்லோ?"

"இல்லைத் தங்கச்சி, வேறை ஆரோ. வெளிநாட்டுச் சனம்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அவன் முகம் காதுவரை கொதித்தது. மேர்சி அவனைப் பார்க்கவில்லை. அணைந்து கிடந்த ரேடியோவைப் பார்த்தாள். அதன் பின்னால் வெறுமையாக இருந்த வயர்த் துளையைப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த போத்தலை.

"வயர் ஏன் கழண்டு கிடக்குது?"

"இடி... இடிச்சா கழட்டிறது."

"எப்பவுமோ?"

அவன் குனிந்து, விழுந்து கிடந்த குடையை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"அண்டைக்கும் இடி இடிச்சது, அண்ணை."

றஞ்சித்தின் குரல் கத்தவில்லை. திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பான்.

"லியோன், தண்ணி ஏறுது. கேக்குதோ?"

போத்தல். காய்ந்து கிடந்த போத்தல். இப்போது பாதிவரை தண்ணீர். கலங்கல். அடியில் மணல். வயர் முனையிலிருந்து குமிழிகள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குமிழி.

"கேக்குதோ?"

குமிழி.

"கரையிலை நீ இருக்கிறாய்தானே?"

குமிழி. குமிழி.

தண்ணீர் ஏறியது. கழுத்துவரை. வாய்வரை.

மேர்சி மைக்கை எடுத்தாள். அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"பதில் சொல்லுங்கோ."

சொல்ல வேண்டும். ஓம், கேட்குது. ஓம், நான்தான் கழட்டினனான். அவ்வளவுதான். லியோன் வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

கடல் தண்ணீர் வந்தது. குளிர்ந்த, கரிக்கிற தண்ணீர், நாடியில் வழிந்து, மைக்கில் சொட்டி, மேர்சியின் விரல்களில் ஓடியது. அவன் வாயை மூடப் பார்த்தான். மூட முடியவில்லை.

ஸ்பீக்கரில் இப்போது வேறு குரல். தெளிவான, ஆறுதலான குரல். அவனுடைய சொந்தக் குரல்.

"ஒரு சத்தமும் வரேல்லை, தங்கச்சி. நான் கதிரையை விட்டு எழும்பேல்லை."

மேர்சி மைக்கை அவன் வாயிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

"ஒரு சத்தமும் வரேல்லை, தங்கச்சி."

தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.