பங்குவளை

யாருக்காவது பதற்றம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களின் மணிக்கட்டு சுடும். தூத்துக்குடியின் அந்தத் தெருவுக்கு இது பழகிப்போய்விட்டது. மறதிநோய் உள்ளவர் கையில் பதைவளை. அக்கம்பக்கத்தார் கையில் பங்குவளை. நோயாளியின் நாடியும் வியர்வையும் பயத்தைக் காட்டியதும் பதைவளை சேதி அனுப்பும், சுற்றியுள்ள பங்குவளைகள் சூடேறும். யாராவது ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வளையோடு வளையை ஒட்டினால்தான் எல்லாருக்கும் சூடு அடங்கும்.

நோயாளிக்கு மட்டும் பங்குவளை தரக் கூடாது என்பது வளை செய்தவர்களின் கண்டிப்பு. தன் பயத்தையே தாங்க முடியாதவர் அடுத்தவர் பயத்தை எப்படித் தாங்குவார்?

அன்று மாலை ரெஜினா பதைவளையைக் கழற்றி மேசையில் போட்டாள்.

"விலங்கு மாட்டுனாப்புல இருக்கு."

"ஒண்ணும் செய்யாதும்மா. இங்க பாரு, நான் போட்டுக் காட்டுதேன்." ஜெரோம் தன் பங்குவளையைக் கழற்றிவிட்டு மனைவியின் வளையை மாட்டிக்கொண்டார்.

"அப்ப இது எனக்கு," என்று அவருடையதை எடுத்துப் போட்டுக்கொண்டாள் ரெஜினா. கொஞ்ச நேரம்தானே என்று விட்டுவிட்டார். அவள் பட்டாணி உரிக்க உட்கார்ந்தாள். மணிக்கட்டை மட்டும் அவ்வப்போது தேய்த்துக்கொண்டாள்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கீழ்வீட்டு பியூலா மாவுக் கையோடு வந்து நின்றாள். பின்னாலேயே எதிர்வீட்டு காசிம், மூச்சு வாங்க.

"அண்ணே, அக்காவுக்கு என்ன? கை கொதிக்கி!"

"வாங்க, பட்டாணி எடுத்துக்கிடுங்க," என்றாள் ரெஜினா சிரித்தபடி.

இருவரும் விழித்தார்கள். ஜெரோம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "வளைதான் கோளாறு போல. நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

அவர்கள் போனதும் வளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இயந்திரம் கோளாறாவதற்கும் ஒழுங்காக வேலை செய்வதற்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை. இது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. இன்னார்தான் நோயாளி என்று அதற்கு யார் சொன்னது? பயம் எந்தக் கையில் இருந்தால் என்ன?

காலையில் காப்பியோடு போனபோது ரெஜினா முதல் தடவையாகக் கேட்டிருந்தாள்: "நீங்க யாரப் பாக்க வந்திருக்கீங்க?" சிரித்துச் சமாளித்தார். அதற்கப்புறம் வீடு கூட்டினார், துணி காயப்போட்டார், அதை நினைக்கவே இல்லை. இப்போது நினைத்தார். நெஞ்சு அடித்துக்கொண்டது.

பட்டாணித் தட்டு தரையில் விழுந்தது. ரெஜினா எழுந்து, சுட்ட கையைப் பிடித்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு நேராக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பற்றினாள். வளையோடு வளை ஒட்டியது.

"ஏன் இப்படி நடுங்குதீங்க? பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துருவாவ. யாருக்கு என்னன்னாலும் அவுக பாத்துக்கிடுவாவ."

ஜெரோம் மெல்லக் கேட்டார். "எப்ப வருவாவ?"

"சரக்கு இறக்கி முடியணும்லா. அதுவரைக்கும் நான் இருக்கேன்."

கீழே படிக்கட்டடியிலிருந்து பியூலா குரல் கொடுத்தாள். "அண்ணே, சூடு அடங்கிட்டு! யாரு வந்திருக்கா?"

ஜெரோம் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆள் இருக்கு, பியூலா," என்றார்.