கழுத்தில் ஓடிய அலை

திங்கட்கிழமை, காலை ஆறு மணி. மாதா கோயிலின் சாவியையும் மணியையும் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சூசைமாணிக்கம் பீடத்துக்குப் பின்னறையில் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். திருவிழாவில் மாதாவுக்குப் பின்னால் தொங்கவிடும் பெரிய நீலத் திரையைக் காணோம்.

ஏட்டு கந்தவேல் வந்து அறைப் பூட்டைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

“சாவி?”

“என் இடுப்புலதாங்க கெடந்துச்சு.”

“நேத்து யாரு வந்தா?”

“சாயங்காலம் ஒரு கல்யாணம். வீடியோக்கார கஸ்பார் லைட்டையெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டுப் போனதும் இந்த அறையைப் பூட்டிட்டேன்.”

“கஸ்பாரா? கல்யாண வீடியோவுல என் மச்சினன் தலையை மட்டும் தாஜ்மகால் முன்னால மெதக்கவிட்ட ஆளா?”

“மாப்பிள்ளை நீலக்கோட்டு போட்டுக்கிட்டு வந்தா அவரு என்னங்க செய்வாரு!”

இருவரும் சிரித்தார்கள். சூசையின் சிரிப்பு பாதியில் நின்றது. திருவிழாவுக்குள் திரை வராவிட்டால் வேலையையும் கோயில் வீட்டையும் விட்டுவிட வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். சாவி வைத்திருந்தவர் சூசை ஒருவர்தானே.

வியாழக்கிழமை அதே சூசை துக்கமணி அடித்தார். கஸ்பாரின் மகள் சகாயராணி இறந்துபோனாள். தாயில்லாத பிள்ளை, இருதய நோய், பத்து வயது.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அடக்கம் முடிந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனார் கந்தவேல். மலைமேல் நாயுடுபுரமே பனிமஞ்சுக்குள் கிடந்தது. சுவரில் சகாயராணியின் படம். அதன் மேல் அவள் கழற்றாமல் அணிந்திருந்த மாதா மெடல், நீல ரிப்பனோடு. டிவியில் கேசட் ஓடியது. இடுப்புக்கு மேல் அவள், பின்னால் கடல்.

“அப்பா, நனையப்போறேன்! வெரசாப் புடிங்க!”

“கடலைப் பாக்கணும், கடலைப் பாக்கணும்னு கெடந்த புள்ள,” என்று பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி கண்ணைத் துடைத்தாள். “யாருக்கும் சொல்லாம வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு பாருங்க.”

“மலை எறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னதா கேள்விப்பட்டேனே?” என்றார் கந்தவேல்.

கஸ்பார் தலை நிமிரவில்லை.

கந்தவேல் சுவரைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். எல்லாரும் கிளம்பும்வரை காத்திருந்தார்.

“கஸ்பாரு, திரையை எடுத்தது நீதான்.”

கஸ்பாரின் கண் டிவிக்குப் போனது.

“டிவியில மெடல் தொங்குது. ரிப்பன் இல்லை. ரிப்பன் இருக்கவேண்டிய எடத்துல கடல் தெரியுது. நீலம் எதுவா இருந்தாலும் அந்த மெஷின் அழிச்சுட்டுப் பின்னால உள்ளதைக் காட்டும். என் மச்சினன் கோட்டுக்கு ஆன கதிதான். உன் மக இந்த வீட்டைத் தாண்டலை. ஒரு பெரிய நீலத்துணிக்கு முன்னால உக்காந்திருந்தா. கல்யாணத்தன்னைக்கு அதை லைட்டு மூட்டைக்குள்ள வச்சுக் கொண்டுவந்துட்ட. அப்புறந்தான் சூசை பூட்டுனாரு.”

“மெஷினை வாடகைக்கு விடுற மதுரைக்காரரு ஒரு நாளைக்குத்தாங்க குடுத்தாரு. அம்புட்டு அகலத்துல நீலத்துணி இங்க எந்தக் கடையிலயும் கெடைக்கலை. கடலு, எப்பவோ ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப எடுத்தது. மறுநாளே கொண்டுபோய் வச்சிரலாம்னு இருந்தேன்.”

“துணி எங்க?”

கஸ்பார் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“கேசட்டைப் பாத்ததும் அந்தத் துணிதான் கடல்னு கட்டிப் புடிச்சுக்கிட்டா. மூணு நாளு விடவேயில்லை. அப்படியே போயிட்டா. விரலை விலக்க மனசு வரலைங்க. அவளுக்கு அடியில விரிச்சு... பெட்டியை மூடிட்டேன்.”

“சூசைக்கு வேலை போகப்போறது தெரியுமா?”

“தெரியும். மண்ணு போடுறப்ப எந்தோளைப் புடிச்சுக்கிட்டு நின்னது அவருதான்.” கஸ்பார் எழுந்து சட்டையை மாட்டினார். “வாங்க ஏட்டய்யா. பங்குச் சாமிகிட்ட நானே சொல்லிர்றேன்.”

கந்தவேலும் எழுந்து தொப்பியை எடுத்தார். டிவியில் சிறுமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். மெல்லிய கோடாக ஓர் அலை அவள் கழுத்தின் குறுக்கே ஓடியது.

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

“ஓடி முடியட்டும்,” என்றார்.